மாடியில் சுரைப்பிஞ்சு உதிராமல் இருக்க: கையால் மகரந்தம் சேர்க்கும் முறை

போன ஆடிப்பட்டத்தில் போட்ட சுரைக்கொடி பந்தல் முழுக்கப் படர்ந்தது, பூத்தும் தள்ளியது. ஆனால் விரல் நீளப் பிஞ்செல்லாம் மஞ்சளாகி வெம்பி உதிர்ந்தன. மோர்க்கரைசல் தெளி, மண்புழு உரம் போடு என்று ஆளுக்கொன்று சொன்னார்கள். எல்லாம் செய்தும் பலன் இல்லை. குறை மகரந்தம் சேராததில் இருந்தது.

முதலில் பூவைப் பிரித்தறியுங்கள். மெல்லிய காம்பு மட்டும் இருந்தால் ஆண் பூ. பூவுக்கடியில் குட்டிச் சுரைக்காய் ஒட்டியிருந்தால் பெண் பூ. அந்தக் குட்டிதான் சூற்பை. உள்ளே நூற்றுக்கணக்கில் சூல்கள். பெண் பூவின் நடுவே இருக்கும் சூலகமுடியில் ஒட்டும் மகரந்தத் துகள் நுண்ணிய குழல் விட்டு ஒரு சூலுக்குள் இறங்கினால் அந்தச் சூல் விதையாகும். விதைகள் வளர ஆரம்பித்தால்தான் சூற்பை காயாகப் பருக்கும். ஒரு விதைக்கு ஒரு துகள் வேண்டும், அதனால் மகரந்தத்தில் கஞ்சத்தனம் கூடாது.

அடுத்தது நேரம். நான் சறுக்கியது இங்கேதான். பூசணிக்குக் காலையில் செய்து காய்த்ததால், சுரைக்கும் ஒரு வாரம் காலை ஒன்பது மணிக்குப் போய் நின்றேன். பூவெல்லாம் துவண்டு தொங்கியது. சுரை மாலையில் மலர்கிற பூ. அந்த வெள்ளை நிறம் இரவில் வரும் அந்துப்பூச்சிக்கானது. பொழுது சாயும்போது போனால் பூ விரிந்து நிற்கும்.

அன்று மலர்ந்த ஆண் பூவைப் பறித்து, இதழ்களைக் கிள்ளிவிடுங்கள். விரலால் தொட்டால் மஞ்சள் தூள் ஒட்ட வேண்டும். அந்த ஆண் பூவைப் பெண் பூவின் நடுவே மெதுவாகத் தடவுங்கள். பிரஷ்ஷெல்லாம் வேண்டாம், பாதித் தூள் மயிரிலேயே தங்கிவிடும். சூலகமுடி மூன்று பிளவாக இருக்கும், மூன்றிலும் படவேண்டும். அவசரத்தில் ஒரு பக்கம் மட்டும் தடவியதில் எனக்குக் கிடைத்த முதல் காய் அரிவாள் போல வளைந்திருந்தது. விதை பிடிக்காத பக்கத்தில் சதை வைக்கவில்லை. குழம்புக்கு அதுவும் ஆனது, அது வேறு.

பிறகு சேர்த்தது: பெண் பூவே வரவில்லை என்று பலர் கேட்டார்கள். தாய்க்கொடியில் பெரும்பாலும் ஆண் பூதான் வரும். நுனியைக் கிள்ளிவிட்டால் பக்கக் கிளைகளில் பெண் பூ அதிகம் வரும். மழை மாலை என்றால் தடவிய பூவைக் காகிதப் பையால் மூடுங்கள், நனைந்த மகரந்தம் உதவாது. அப்புறம், பீர்க்கனும் புடலையும்கூட மாலைதான். பாகல், வெள்ளரிக்குக் காலையில் போங்கள்.