கடற்கரைச் சொந்த ஊருக்கே திரும்பிவிடலாமா? முடிவெடுக்கும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

கடலோர ஊரில் பிறந்து, படிப்புக்கோ வேலைக்கோ வெளியேறி, எங்கோ ஒரு நகரத்தில் காலூன்றியவர்களுக்கு ஒரு கட்டத்தில் இந்தக் கேள்வி வந்தே தீரும். பெற்றோருக்கு வயதாகும்போது வரும். குழந்தை பள்ளிக்குப் போகும் வயதில் வரும். வீட்டிலிருந்தே வேலை பார்க்கலாம் என்று நிறுவனம் சொன்ன அன்று ராத்திரியே வரும்.

திரும்பிப் போய் நிறைவாக வாழ்கிறவர்கள் இருக்கிறார்கள். போன வேகத்திலேயே மூட்டை கட்டியவர்களும் இருக்கிறார்கள். ஊர்ப்பாசத்தில் இந்த இரு தரப்புக்கும் பெரிய ஏற்றத்தாழ்வு இருப்பதாக எனக்குத் தோன்றவில்லை. கடலை மனதில் வைத்து முடிவெடுத்தவர்கள் திணறுகிறார்கள். அந்த ஊரில் ஒரு சாதாரண வேலைநாள் எப்படிக் கழியும் என்று பார்த்து முடிவெடுத்தவர்கள் ஊன்றிக்கொள்கிறார்கள். கீழே சொல்லும் தவறுகள் பலவும் இந்த ஒரு இடத்திலிருந்துதான் கிளைக்கின்றன.

விடுமுறையில் முடிவெடுப்பது

நாம் ஊருக்குப் போவது பெரும்பாலும் லீவில். இதமான மாதமாகப் பார்த்துப் போகிறோம். உறவினர்கள் நம்மைப் பார்க்கவென்றே வருகிறார்கள். அலுவலக அழைப்பு இல்லை, சமையல் பொறுப்புகூட இல்லை. அந்தச் சில நாட்களில் கிடைக்கும் நிம்மதி முழுவதையும் ஊரின் கணக்கில் வரவு வைத்துவிடுகிறோம். அதில் பெரும்பங்கு ஓய்வு தந்தது.

1998-இல் டேவிட் ஷ்கேட், டேனியல் கானமன் என்ற இரு உளவியல் ஆய்வாளர்கள் ஒரு ஆய்வை வெளியிட்டார்கள். அமெரிக்காவின் கலிபோர்னியாவிலும் நாட்டின் மத்திய மேற்குப் பகுதியிலும் படித்த மாணவர்களிடம் வாழ்க்கைத் திருப்தி பற்றிக் கேட்டார்கள். தங்கள் வாழ்க்கையைப் பற்றிச் சொன்னபோது இரு பகுதி மாணவர்களுக்கும் வேறுபாடில்லை. ஆனால் 'உங்களைப் போன்ற ஒருவர் எங்கே கூடுதல் மகிழ்ச்சியோடு இருப்பார்' என்று மதிப்பிடச் சொன்னபோது, இரு தரப்புமே கலிபோர்னியாவைச் சொன்னது. காரணம், அங்குள்ள இதமான தட்பவெப்பம். இரண்டு ஊர்களை ஒப்பிட உட்கார்ந்தால், சட்டென்று கண்ணில் படும் வேறுபாடு மட்டும் பெரிதாகிவிடுகிறது. அங்கே வாழத் தொடங்கியபின் அது பின்னணிக்குப் போய், வேலையும் உறவும் உடல்நலமும் முன்னால் வந்துவிடுகின்றன. கடலும் அந்த வகையைச் சேர்ந்ததுதான்.

கடலால் நன்மையே இல்லை என்று சொல்ல வரவில்லை. இங்கிலாந்தின் 2001 மக்கள்தொகைக் கணக்கெடுப்பை வைத்து 2012-இல் வெளியான ஆய்வில், கடற்கரைக்கு அருகில் வசிப்பவர்களில் தங்கள் உடல்நலம் நன்றாக இருப்பதாகச் சொன்னவர்கள் சற்று அதிகம். அதே நாட்டின் தலைமை மருத்துவ அதிகாரி 2021-இல் கடலோரச் சமூகங்களின் உடல்நலம் பற்றித் தந்த அறிக்கை மறுபக்கத்தைக் காட்டியது: கடலோர ஊர்கள் பலவற்றில் நோய்ச்சுமை அதிகம், மருத்துவர்கள் குறைவு, இளைஞர்கள் வெளியேற முதியவர்களின் விகிதம் கூடுகிறது. இரண்டும் உண்மை. கடல் கொடுப்பதை, ஊரில் இல்லாத வசதிகள் எடுத்துக்கொள்ளக்கூடும்.

ஆகவே ஊரின் மோசமான மாதத்தில் போய்த் தங்குங்கள். புழுக்கமும் ஈரமும் ஆளை அழுத்தும் மாதம், அல்லது மழையும் காற்றும் கரையை அடிக்கும் மாதம், அல்லது சுற்றுலா சீசன் முடிந்து பாதிக் கடைகள் மூடிக்கிடக்கும் மாதம். பெற்றோர் வீட்டில் விருந்தாளியாக இல்லாமல், முடிந்தால் வாடகைக்கு ஓர் இடம் பிடித்து, லீவு போடாமல், உங்கள் வேலையை அங்கிருந்தே செய்யுங்கள். குறைந்தது சில வாரங்களாவது. மின்வெட்டு, இணைய வேகம், குடிநீர், சாயங்காலம் ஆறு மணிக்குமேல் பேச ஆள் கிடைக்கிறதா என்பது, எல்லாம் அதில் தெரிந்துவிடும்.

விட்டுவந்த ஊர் அப்படியே காத்திருக்கும் என்று நம்புவது

நடுவயதைத் தாண்டியவர்களுக்குப் பத்து வயதிலிருந்து முப்பது வயதுவரையான நினைவுகள் மற்ற வயது நினைவுகளைவிட அடர்த்தியாக நிற்கும் என்பது உளவியலில் திரும்பத் திரும்ப உறுதிசெய்யப்பட்ட விஷயம். பலரும் ஊரில் வாழ்ந்த காலமும் அந்த வயதுக்குள்தான் வருகிறது. அதனால் மனதில் இருக்கும் ஊர், உண்மையான ஊரைவிட எப்போதும் பிரகாசமாகவே இருக்கும்.

ஊரிலேயே தங்கிவிட்ட நண்பர்களுக்கு நீங்கள் இல்லாத காலத்தில் வேறொரு வட்டம் உருவாகியிருக்கும். வந்த முதல் மாதம் தினமும் வீட்டுக்கு அழைப்பார்கள். பிறகு அவரவர் வேலை அவரவருக்கு. இதில் யார் மேலும் தவறில்லை. இன்னொரு சங்கடம், ஊர் உங்களைப் பழைய ஆளாகவே பார்க்கும். நகரத்தில் நீங்கள் நாற்பது பேரை வேலைவாங்குபவராக இருக்கலாம். ஊரில் இன்னும் இன்னாருடைய பிள்ளைதான். சிலருக்கு அது இதமாக இருக்கிறது, சிலருக்கு மூச்சு முட்டுகிறது. வெளியிடத்தில் வாழ்ந்துவிட்டுச் சொந்த இடத்துக்குத் திரும்புபவர்கள் மறுபடி ஒரு தடுமாற்றக் காலத்தைக் கடக்கிறார்கள் என்று கல்லஹார்ன் என்ற ஆய்வாளர் தம்பதி 1963-லேயே ஆராய்ந்து எழுதினார்கள். புது ஊரில் தடுமாறினால் 'புது இடம், அப்படித்தான் இருக்கும்' என்று மனதைத் தேற்றிக்கொள்ளலாம். சொந்த ஊரில் தடுமாறும்போது அந்த ஆறுதலும் கிடைப்பதில்லை. இது வரும் என்று முன்கூட்டியே தெரிந்திருப்பது பெரிய உதவி.

வீட்டைப் பார்க்கும்போது உப்பை மறப்பது

இதைச் சற்று விரிவாகவே சொல்ல வேண்டும். கடலோர வீட்டில் போகும் பணம் பெரும்பாலும் இந்த வழியாகத்தான் போகிறது.

ஒரு லிட்டர் கடல்நீரில் ஏறக்குறைய 35 கிராம் உப்பு இருக்கிறது. அலை உடையும்போது தெறிக்கும் நுண்துளிகளைக் காற்று உள்ளே கொண்டுவருகிறது. கரையை ஒட்டிய முதல் சில நூறு மீட்டரில் இந்த உப்புப் படிவு மிக அதிகம். உள்ளே போகப்போக வேகமாகக் குறையும். உப்பு ஈரத்தை இழுத்து வைத்துக்கொள்வதால், மழை பெய்யாத நாளிலும் இரும்பின் மேல் ஈரப்படலம் இருக்கும். கேட், ஜன்னல் கீல், ஏசியின் வெளி யூனிட், சுவிட்ச்போர்டு எல்லாம் உள்நாட்டு ஊர்களைவிடச் சீக்கிரம் போவது இதனால்தான். துருப்பிடிக்காத எஃகு என்று வாங்கினாலும் 304 தரம் கடற்காற்றில் பழுப்புப் புள்ளி விடும். மாலிப்டினம் சேர்ந்த 316 தரம் கூடுதலாகத் தாங்கும்.

கட்டடத்துக்குள் நடப்பது இதைவிட ஆபத்தானது. கான்கிரீட்டின் காரத்தன்மையால் உள்ளிருக்கும் கம்பியின் மேல் ஒரு மெல்லிய படலம் உருவாகி அதைப் பாதுகாக்கிறது. உப்பிலுள்ள குளோரைடு ஊறி ஊறிக் கம்பியை எட்டியதும் அந்தப் படலம் உடைந்து துரு பிடிக்கிறது. துரு, அது உண்ட இரும்பைவிடப் பல மடங்கு இடம் கேட்கும். உள்ளிருந்து தள்ளுகிறது; கான்கிரீட் விரிசல் விட்டு, பாளம் பாளமாகக் கழன்று விழுகிறது. விரிசல் வழியே இன்னும் உப்பு நுழைகிறது.

அதனால் புதுப் பெயின்ட் அடித்த பழைய வீட்டைப் பார்த்து மயங்க வேண்டாம், அது உங்கள் பூர்வீக வீடாகவே இருந்தாலும். கூரையின் அடிப்பக்கம், சன்ஷேடு, பால்கனி விளிம்பு, தூணின் அடிப்பகுதி ஆகியவற்றைப் பாருங்கள். பழுப்புக் கறையும் கம்பி ஓடும் திசையிலேயே நீளும் விரிசலும் உள்ளே துரு இருப்பதற்கான அடையாளங்கள். கட்டும்போது கடல்மணலோ உவர்நீரோ கலந்தார்களா என்று விசாரியுங்கள். கட்டமைப்புப் பொறியாளர் ஒருவரை வைத்துப் பரிசோதித்த பிறகே 'கொஞ்சம் பூசினால் போதும்' என்ற வார்த்தையை நம்பலாம்.

தண்ணீரும் அப்படித்தான். கரையோர நிலத்தடியில் நன்னீர், கனமான கடல்நீரின் மேல் மிதக்கிறது. நிலத்தடி நீர்மட்டம் கடல்மட்டத்தைவிட 1 மீட்டர் உயரத்தில் இருந்தால், கடல்மட்டத்துக்குக் கீழே ஏறத்தாழ 40 மீட்டர் ஆழம்வரை நன்னீர் நிற்கும் என்பது கைபென், ஹெர்ஸ்பெர்க் என்ற இருவர் தனித்தனியே கண்ட கணக்கு. இதைத் திருப்பிப் போட்டால் அச்சம் புரியும். எல்லாரும் மோட்டார் வைத்து இறைத்து மட்டம் 1 மீட்டர் இறங்கினால், காலப்போக்கில் அடியிலிருந்து உப்புநீர் 40 மீட்டர் ஏறி வரக்கூடும். சிறுவயதில் இனித்த கிணறு இன்று உவர்ப்பது இப்படித்தான். மழைக்காலத்தில் குடித்துப் பார்த்து முடிவு செய்யாதீர்கள். கோடையின் கடைசியில் மாதிரி எடுத்துப் பரிசோதனைக்குக் கொடுங்கள்.

கடல் எங்கே இருக்கிறது என்பதும் கேள்விதான். காலநிலை மாற்றத்தை ஆராயும் ஐ.நா. அறிவியல் குழுவான ஐபிசிசி-யின் ஆறாவது மதிப்பீட்டின்படி 1901 முதல் 2018 வரை உலகச் சராசரிக் கடல்மட்டம் சுமார் 20 சென்டிமீட்டர் உயர்ந்தது. 2006–2018 காலத்தில் ஆண்டுக்கு 3.7 மில்லிமீட்டர் வேகம். ஆனால் உங்கள் தெருவை அதைவிட முந்திப் பாதிக்கக்கூடியது மண் அரிப்பு. கரையோரமாக நகரும் மணலைத் துறைமுகச் சுவரோ தூண்டில் வளைவோ (கரையிலிருந்து கடலுக்குள் நீட்டிக் கட்டும் கல்தடுப்பு) மறித்தால், ஒரு பக்கம் மணல் மேடிடும், மறுபக்கம் கரை கரையும். அடுத்த ஊரில் கட்டியது உங்கள் ஊரைத் தின்னலாம். பழைய செயற்கைக்கோள் படங்களை கூகுள் எர்த்தில் ஆண்டுவாரியாகப் பார்க்க முடியும். கூடவே அக்கம்பக்கத்துப் பெரியவர்களிடம், பெரிய புயலின்போது தண்ணீர் எந்த வீட்டுப் படிவரை வந்தது என்று கேளுங்கள். அலை எல்லையிலிருந்து இத்தனை தூரத்துக்குள் கட்டக்கூடாது என்ற விதி பல நாடுகளில் உண்டு. இடிந்த பழைய வீட்டை அதே இடத்தில் மறுபடி கட்ட அனுமதி கிடைக்குமா என்பதை எழுத்தில் பெறுங்கள். காப்பீடு எடுத்தால், காற்றால் வரும் சேதமும் நீரால் வரும் சேதமும் இரண்டும் அதில் அடங்குமா என்று பார்த்துக்கொள்ளுங்கள்.

ஒற்றை வருமானத்தை நம்பிப் போவது

வீட்டிலிருந்து வேலை என்ற ஏற்பாட்டை நிறுவனம் ஒரு மின்னஞ்சலில் திரும்பப் பெறலாம். அந்த வேலை போனால் ஊரில் இரண்டாவது வேலை உண்டா? கடலோர ஊர்களின் வருமானம் மீன்பிடி, சுற்றுலா என்று பருவத்தோடு ஏறி இறங்கும். அங்கே கடை வைப்பதானாலும் சும்மா கிடக்கும் மாதங்களையும் சேர்த்துத்தான் கணக்குப் போட வேண்டும். சுற்றுலா வளர்ந்த ஊரில் வாடகையும் உங்கள் நினைவில் இருக்கும் வாடகையாக இருக்காது.

மருத்துவமனையைக் கிலோமீட்டரில் அளப்பது

மூளையில் இரத்தக் குழாய் அடைத்து வரும் பக்கவாதத்தில், அடைப்பைக் கரைக்கும் ஊசியைப் பொதுவாக நான்கரை மணி நேரத்துக்குள் போட வேண்டும். போய்ச் சேர்வது, ஸ்கேன் எடுப்பது எல்லாம் அதற்குள் அடங்கணும். ஆகவே அருகிலிருக்கும் ஆஸ்பத்திரி எது என்று கேட்பது போதாது. ராத்திரியிலும் ஸ்கேன் எடுக்கும், நிபுணர் இருக்கும் இடம் எது, மழைநாள் இரவில் அங்கே போக எத்தனை மணி நேரம் என்று கேளுங்கள். பெற்றோரைக் கவனிக்கத்தான் போகிறீர்கள் என்றால் இது முதல் கேள்வி.

வீட்டில் உள்ளவர்களைக் கேட்காமலே முடிவு செய்வது

ஊர் உங்களுடையது. உங்கள் மனைவிக்கோ கணவருக்கோ அது வேறொருவரின் ஊர். உங்களுக்கு அது திரும்புதல். அவருக்கு அது வேலையை, நண்பர்களை, தனியாக வெளியே போய்வரும் சுதந்திரத்தைக்கூட விட்டுவிட்டுக் குடிபெயர்தல். 'நீங்கள் போனால் நானும் வருகிறேன்' என்ற பதிலைச் சம்மதமாக எடுத்துக்கொள்ள வேண்டாம். அங்கே அவருடைய நாள் எப்படிப் போகும் என்பதை அவர் வாயால் சொல்லக் கேளுங்கள். பதின்ம வயதுப் பிள்ளைகளிடமும் பேசுங்கள்.

'அம்மா அப்பாவுக்காக' என்று சொல்பவர்களில் பலர் அவர்களிடம் கேட்பதே இல்லை. மகன் வேலையை விட்டுவந்து பக்கத்தில் இருப்பதைவிட, ஒரு நல்ல உதவியாள் போதும் என்று நினைக்கும் பெற்றோர் உண்டு. நாம் வந்தால் தங்கள் அன்றாட ஒழுங்கு கலைந்துவிடும் என்று தயங்குபவர்களும் உண்டு. உடன்பிறந்தவர்களோடும் பேச வேண்டும்: பராமரிப்பு யார் பொறுப்பு, செலவு எப்படிப் பிரியும், பூர்வீக வீட்டை நீங்கள் பணம் போட்டுப் புதுப்பித்தால் நாளை அது யாருடையது? இந்தப் பேச்சு கசப்பாக இருக்கும். புதுப்பித்து முடித்த பிறகு வரும் கசப்போடு ஒப்பிட்டால் ஒன்றுமே இல்லை.

நகரத்து வீட்டை விற்றுவிட்டுப் போவது

முதல் ஆண்டில் எதையும் விற்கவும் வேண்டாம், கட்டவும் வேண்டாம். நகரத்து வீட்டை வாடகைக்கு விட்டு, ஊரில் வாடகைக்கு இருந்து, எல்லாப் பருவங்களையும் ஒருமுறை கடந்து பாருங்கள். எது நடந்தால் திரும்பி வந்துவிடுவோம் என்பதையும் போவதற்கு முன்பே குடும்பமாகப் பேசி எழுதி வையுங்கள். போன பிறகு யோசித்தால் வீம்பு குறுக்கே நிற்கும்.

எதிர்ப்பக்கத் தவறும் உண்டு. 'வெளியூரில் பிழைக்கத் தெரியாமல் வந்துவிட்டான் என்பார்களே' என்ற கூச்சத்துக்காகவோ, இருபது ஆண்டுக்கு முந்தைய ஒரு மனக்கசப்புக்காகவோ, இந்தக் கேள்வியையே மூடிவைப்பவர்கள் இருக்கிறார்கள். அவர்களும் இன்றைய ஊரைப் பார்க்காமல்தான் முடிவெடுக்கிறார்கள். போவதா வேண்டாமா என்ற இரண்டோடு தேர்வு முடிந்துவிடுவதும் இல்லை. கரையிலிருந்து ஒரு மணி நேரத் தொலைவில், நல்ல ஆஸ்பத்திரியும் பள்ளியும் வேலைவாய்ப்பும் உள்ள ஊரில் குடியேறி, வாரம் ஒருமுறை பெற்றோரைப் பார்த்து வரலாம். உப்பும் அரிப்பும் வீட்டைத் தொடாது. ஆண்டில் மூன்று மாதம் அங்கே, மீதி இங்கே என்று வேலை அனுமதித்தால் அப்படியும் வாழலாம். இந்த நடுவழிகளுக்கும் முழுசாகத் திரும்புவதற்குச் செய்யும் அதே விசாரணையைச் செய்யுங்கள், குறிப்பாக அந்த மழைநாள் இரவுப் பயணத்தை.