மைக்கில் கத்துவதை நிறுத்தினேன்

திருகோணமலைப் பக்கம் உவர்மலையில் நான், உப்புவெளியில் இருவர், நிலாவெளியில் ஒருவன். பப்ஜி மொபைல் என்ற துப்பாக்கிச் சண்டை கேமில் நாங்கள் ஒரு ஸ்குவாட், அதாவது ஓர் அணி. எரங்கல் என்ற அதன் வரைபடத்தில் 100 பேர் இறங்கும் ஆட்டத்தில் நாங்கள் 4 பேரும் நாலு திசையில் குதிப்போம், முதல் சண்டையிலேயே இருவர் விழுவார்கள், நான் கத்துவேன், அவர்கள் என் குரலை மியூட் பண்ணிவிடுவார்கள்.

சரி, மாற்றிப் பார்ப்போம் என்று, விமானத்திலேயே எல்லோரையும் என்னை ஃபாலோ பண்ணச் சொன்னேன். இறங்கும் இடத்தை முன்பே வரைபடத்தில் மார்க் பண்ணினேன். "அங்க, அங்க" என்பதை விட்டுவிட்டு, திரையின் மேலே உள்ள திசைகாட்டி எண்ணைச் சொன்னேன்: "220, மரத்தடி, இரண்டு பேர்." யாராவது விழுந்தால் திட்டு கிடையாது, முதலில் மறைப்புக்கு ஸ்மோக் (புகைக்குண்டு), அப்புறம் தூக்கிவிடுவது. இதுதான் பெரிய மாற்றம், மச்சான்மார் தாங்களாகவே பேசத் தொடங்கினார்கள். நேற்றிரவு, சுருங்கிக்கொண்டே வரும் ஆட்ட எல்லையின் கடைசி வட்டத்துக்குள் 4 பேரும் உயிரோடு நின்றோம்.