ஒரு ஜெர்மன் நகரத் தொகுதியின் தேர்தல் வரலாற்றைத் தொகுப்பது எப்படி? ஸ்டுட்கார்ட் 1-ஐ வைத்துப் படிப்படியாக

தொகுதி வரலாறு என்றதும் பலர் செய்வது ஒன்றுதான்: ஆண்டு, வென்றவர், கட்சி என்று மூன்று கட்டம் போட்டு நிரப்பிவிட்டு முடித்துவிடுவார்கள். ஜெர்மனியின் மாநிலச் சட்டமன்றத் தொகுதிகளுக்கு அது போதாது. அங்கே தோற்றவரும் உறுப்பினராகலாம். வென்ற கட்சியின் எண்ணிக்கையும் விதிகளுக்கு ஏற்ப மாறும். எனவே ஒரே ஒரு தொகுதியை எடுத்துக்கொண்டு, அட்டவணையை எப்படிப் போடுவது, எப்படி வாசிப்பது என்று பார்ப்போம். நான் தேர்ந்தெடுத்தது பாடன்-வூர்ட்டம்பெர்க் மாநிலத் தலைநகரின் மையப்பகுதியைக் கொண்ட ஸ்டுட்கார்ட் 1. ஜெர்மன் தெரியாவிட்டாலும் பரவாயில்லை, பெரும்பாலும் எண்கள்தான். ஒரு எக்செல் தாள் திறந்து வைத்துக்கொள்ளுங்கள்.

படி 1: எந்த ஸ்டுட்கார்ட் 1 என்று உறுதி செய்யுங்கள்

சிரிக்க வேண்டாம், புதியவர்கள் முதலில் வழுக்கி விழும் இடம் இதுதான். மாநிலச் சட்டமன்றத்துக்கு ஸ்டுட்கார்ட் நகரம் நான்கு தொகுதிகள். மாநிலத்தின் 70 தொகுதிகளில் 1 முதல் 4 வரையிலான எண்கள் இந்த நகரத்துக்கே. கூட்டாட்சி நாடாளுமன்றத்துக்கோ அதே நகரம் இரண்டே தொகுதிகள். அவற்றில் ஒன்றின் பெயரும் ஸ்டுட்கார்ட் 1! பெயர் ஒன்று, எல்லை வேறு.

இரண்டையும் கலந்தால் வரலாறே தலைகீழாகிவிடும். நாடாளுமன்ற ஸ்டுட்கார்ட் 1-ஐ 2009, 2013, 2017 மூன்று முறையும் கிறிஸ்தவ ஜனநாயகக் கட்சியான சி.டி.யூ.வின் ஸ்டெஃபான் கௌஃப்மன் வென்றார். பசுமைக் கட்சியின் ஜெம் ஓஸ்டெமிர் 2021-ல்தான் அதைப் பிடித்தார். சட்டமன்ற ஸ்டுட்கார்ட் 1-ல் பசுமைக் கட்சி 2011-லேயே வென்றுவிட்டது. இணையத்தில் தேடும்போது ஒவ்வொரு முடிவுக்கும் மேலே அது எந்த அவைக்கான தேர்தல் என்று பார்த்துவிட்டே எண்ணைக் குறித்துக்கொள்ளுங்கள். மாநிலப் புள்ளியியல் அலுவலகம் தொகுதிவாரி முடிவுகளை வெளியிடுகிறது, அங்கிருந்து தொடங்குவது நல்லது.

படி 2: ஆண்டுகளை வரிசையாக எழுதுங்கள்

மூன்று சிறு மாநிலங்கள் இணைந்து 1952-ல் உருவானது பாடன்-வூர்ட்டம்பெர்க். முதல் தேர்தலும் அதே ஆண்டுதான். அப்புறம் 1996 வரை நான்கு ஆண்டுகளுக்கு ஒரு தேர்தல், அதிலிருந்து ஐந்து ஆண்டுகளுக்கு ஒன்று: 2001, 2006, 2011, 2016, 2021, 2026.

எல்லா ஆண்டுகளையும் ஒரே கோட்டில் கோத்துவிடாதீர்கள். 1973-ல் மாவட்டச் சீரமைப்பு நடந்தது. இன்றைய தொகுதிப் பிரிப்பின் அடிப்படை அதன் பிறகு வந்த 1976 தேர்தலுக்காகப் போடப்பட்டது. அதனால் 1976-க்கு மேலே தடித்த கோடு ஒன்று இழுங்கள். கோட்டுக்கு மேலே உள்ளதைப் பின்னணியாக மட்டும் படியுங்கள்.

இடைத்தேர்தலுக்கென்று வரிசை ஒதுக்க வேண்டாம், அது அங்கே இல்லை. வேட்பாளரோடு சேர்த்து ஒரு மாற்று வேட்பாளரையும் கட்சி முன்கூட்டியே அறிவித்திருக்கும். உறுப்பினர் பதவி விலகினாலோ இறந்தாலோ அந்த மாற்று ஆள் வந்து அமர்வார். ஒரே ஐந்தாண்டில் ஒரு தொகுதிக்கு இரண்டு பெயர்கள் தென்பட்டால் குழம்பாதீர்கள், இதுதான் காரணம்.

படி 3: வாக்கு எப்படி இடமாக மாறியது என்று ஒரு பத்தி எழுதுங்கள்

இந்தப் படியைத் தாண்டிச் செல்ல ஆசை வரும். ஆனால் இது இல்லாமல் மற்ற எதுவும் விளங்காது.

2021 வரை இந்த மாநிலத்தில் ஒருவருக்கு ஒரே வாக்கு. கட்சி தன் ஆட்களை வரிசைப்படுத்தித் தரும் கட்சிப் பட்டியல் என்று எதுவுமே கிடையாது. அந்த ஒரு வாக்கு இரண்டு வேலை செய்தது. தொகுதியில் அதிக வாக்கு வாங்கியவர் நேரடியாக வென்றார். 70 தொகுதிக்கு 70 பேர். பிறகு மாநில அளவில் 5 விழுக்காட்டைத் தாண்டிய கட்சிகளுக்கு, மொத்த வாக்கின் விகிதத்தில் குறைந்தது 120 இடங்கள் பங்கிடப்பட்டன. நேரடி வெற்றி போக ஒரு கட்சிக்கு இன்னும் இடம் பாக்கி இருந்தால், தோற்ற அதன் வேட்பாளர்களிலேயே நன்றாக வாங்கியவர்கள் உள்ளே போனார்கள். இதை இரண்டாம் உறுப்பினர் பதவி என்பார்கள். மாநிலத்தின் நான்கு நிர்வாக மண்டலங்களுக்குள் தனித்தனியாக இது கணக்கிடப்பட்டது.

இங்கே ஒரு நுணுக்கம். 'நன்றாக வாங்கியவர்' யார் என்பதை 2011-க்கு முன் வாக்கு எண்ணிக்கையை வைத்து முடிவு செய்தார்கள். பெரிய தொகுதியில் நின்றவருக்கு அது சாதகம். 2011 முதல் விழுக்காடு கணக்கானது. ஆகவே 2006-ன் இரண்டாம் பதவியும் 2011-ன் இரண்டாம் பதவியும் ஒரே அளவுகோலில் கிடைத்தவை அல்ல.

விதி எவ்வளவு கடுமையானது என்பதற்குப் பக்கத்துத் தொகுதியே சாட்சி. 2021-ல் சி.டி.யூ.வின் முதன்மை வேட்பாளர் சூசன்னெ ஐசன்மன் ஸ்டுட்கார்ட் 2-ல் நின்று, பசுமைக் கட்சி அமைச்சர் வின்ஃப்ரீட் ஹெர்மனிடம் தோற்றார். இரண்டாம் பதவியும் அவருக்குக் கிடைக்கவில்லை. முதலமைச்சர் நாற்காலிக்குப் போட்டியிட்டவருக்குச் சட்டமன்றத்தில் ஒரு நாற்காலிகூட இல்லை! பட்டியல் இருந்திருந்தால் முதலிடத்தில் பெயர் எழுதி உள்ளே அனுப்பியிருப்பார்கள்.

படி 4: கட்டங்களை நிரப்புங்கள், ஆனால் ஐந்து கட்டம் போடுங்கள்

ஆண்டு, வென்றவரும் கட்சியும், அவர் விழுக்காடு, இரண்டாம் இடத்தவரின் விழுக்காடு, வென்ற கட்சியின் மாநில விழுக்காடு. இந்தக் கடைசிக் கட்டம்தான் என் பிடிவாதம். இது இல்லாத அட்டவணையைப் பார்த்தால் எனக்கு எரிச்சலாக இருக்கும், ஏன் என்பது அடுத்த படியில் தெரியும்.

2006-ஐ நிரப்புவது சுலபம். அந்த ஆண்டு 70 தொகுதிகளில் 69-ஐ சி.டி.யூ. அள்ளியது, சமூக ஜனநாயகக் கட்சியான எஸ்.பி.டி.க்கு மிஞ்சியது மான்ஹைம் 1 தொகுதி மட்டும். எனவே ஸ்டுட்கார்ட் 1-ம் சி.டி.யூ. கணக்கில். மாநில அளவில் அது 44 விழுக்காடு வாங்கியது, பசுமைக் கட்சி 12-ஐ ஒட்டி நின்றது.

2011-ல் முஹ்தெரெம் அராஸ் பசுமைக் கட்சிக்காக 42 விழுக்காட்டுக்கு மேல் எடுத்து வென்றார். துருக்கியின் அனத்தோலியாவில் பிறந்து, சிறுமியாக ஜெர்மனிக்கு வந்தவர், வரி ஆலோசகர், 1999 முதல் நகர மன்ற உறுப்பினர். 2016-லும் 2021-லும் அவரே. 2016 மே மாதம் சட்டமன்றத் தலைவரானார், அந்தப் பதவியில் அமர்ந்த முதல் பெண்.

படி 5: தொகுதியிலிருந்து மாநிலத்தைக் கழியுங்கள்

இப்போது கால்குலேட்டரை எடுங்கள். பசுமைக் கட்சி 2011-ல் தொகுதியில் 42, மாநிலத்தில் 24. வித்தியாசம் ஏறக்குறைய 18 புள்ளி. 2016-ல் தொகுதியில் மறுபடியும் 42, மாநிலத்தில் 30. வித்தியாசம் 12. 2021-ல் தொகுதியில் 44-க்கு மேல், மாநிலத்தில் 32-க்கு மேல். மறுபடியும் 12.

தொகுதிக் கட்டத்தை மட்டும் பார்த்தால் 2011-க்கும் 2016-க்கும் நடுவே ஒன்றுமே நடக்கவில்லை. உண்மையில் அந்த ஐந்து ஆண்டில் மாநிலமே புரண்டது. முதலமைச்சர் வின்ஃப்ரீட் கிரெட்ச்மனின் செல்வாக்கில் கட்சி ஊர்ப்புறத் தொகுதிகளுக்குள் நுழைந்து 70-ல் 46-ஐ வென்றது, 2021-ல் 58. அந்த வளர்ச்சியில் ஸ்டுட்கார்ட் மையத்துக்குப் பங்கே இல்லை. அது ஏற்கெனவே வந்து சேர்ந்துவிட்டது, மற்ற இடங்கள் அதை நோக்கி வந்தன. கழித்துப் பார்க்காதவர் கண்ணில் இது படவே படாது.

படி 6: வாக்குப்பதிவைச் சேர்த்துப் பாருங்கள்

விழுக்காடு குறைந்தால் வாக்கும் குறைந்தது என்று எழுதிவிடாதீர்கள். மாநிலத்தில் 2006-ல் 53 விழுக்காட்டினர்தான் வாக்களித்தனர், 2011-ல் 66. சி.டி.யூ.வின் பங்கு 44-லிருந்து 39-க்கு இறங்கி, 1953 முதல் கையில் இருந்த ஆட்சித் தலைமை பறிபோனது. ஆனால் அதன் வாக்குகளோ சுமார் 17.5 லட்சத்திலிருந்து 19.4 லட்சமாக உயர்ந்தன. முன்பு வீட்டில் இருந்தவர்கள் வெளியே வந்ததும், அவர்களில் பெரும்பகுதி எதிர்த்தரப்புக்குப் போட்டதும்தான் அந்தத் தேர்தலின் கதை.

படி 7: காரணம் எழுதும்போது அவசரப்படாதீர்கள்

2011 என்றதும் எல்லோரும் இரண்டு காரணம் சொல்வார்கள். ஒன்று, தேர்தலுக்கு 16 நாள் முன்பு, மார்ச் 11-ல் நடந்த ஃபுகுஷிமா அணு உலை விபத்து. மற்றொன்று ஸ்டுட்கார்ட் 21: தலைநகரின் ரயில் நிலையத்தைத் தரைக்கு அடியில் கொண்டுபோகும் திட்டம். 2010 செப்டம்பர் 30-ல் அரண்மனைப் பூங்காவில் போராடியவர்கள் மீது போலீஸ் தண்ணீர் பீய்ச்சி அடித்தது, பலர் காயமடைந்தனர். அப்போது முதலமைச்சர் சி.டி.யூ.வின் ஸ்டெஃபான் மாப்பஸ்.

இரண்டும் பொருட்படுத்த வேண்டியவைதான். ஆனால் அதே 2011 நவம்பர் 27-ல் நடந்த பொதுவாக்கெடுப்பைப் பாருங்கள். திட்டத்துக்கான நிதியிலிருந்து மாநிலம் விலக வேண்டுமா என்பது கேள்வி. வேண்டாம் என்று மாநிலத்தில் ஏறத்தாழ 59 விழுக்காடு, ஸ்டுட்கார்ட் நகரிலேயே 53-ஐ ஒட்டி. அதாவது திட்டம் தொடரட்டும் என்றார்கள்! 'நிலையத்தை எதிர்த்து நகரம் பசுமைக்கு மாறியது' என்ற ஒற்றை வரி அங்கேயே ஆட்டம் காண்கிறது.

இன்னும் பின்னால் போங்கள். 1996 மேயர் தேர்தலின் இரண்டாம் சுற்றில் பசுமைக் கட்சியின் ரெட்ஸோ ஷ்லௌக் 39 விழுக்காடு வாங்கி, சி.டி.யூ.வின் வோல்ஃப்காங் ஷுஸ்டரிடம் தோற்றார். 2009 நகர மன்றத் தேர்தலில் 60-ல் 16 இடம் பிடித்து பசுமைக் கட்சியே மன்றத்தின் பெரிய கட்சியானது. பூங்காச் சம்பவமும் ஃபுகுஷிமாவும் இன்னும் நடக்கவில்லை. ஆக, வென்றவர் கட்டத்தில் 2006-லும் சி.டி.யூ. இருந்தபோதே அடியில் மண் நகர்ந்துகொண்டிருந்தது. 2011 அதை வெளியே தள்ளியது, அவ்வளவுதான் என்பது என் கணிப்பு.

நகர மன்ற எண்ணை அப்படியே தொகுதி எண்ணின் பக்கத்தில் வைக்கலாமா? கூடாது, தனித் தாளில் வையுங்கள். ஸ்டுட்கார்ட் நகர மன்றத் தேர்தலில் ஒவ்வொருவருக்கும் 60 வாக்குகள். பிடித்தவருக்கு மூன்று வரை கொடுக்கலாம், வெவ்வேறு கட்சி ஆட்களையும் கலக்கலாம். ஐரோப்பிய ஒன்றியத்தின் பிற நாட்டுக் குடிமக்களும் அதில் வாக்களிக்கிறார்கள், சட்டமன்றத் தேர்தலில் அவர்களுக்கு வாக்கில்லை. போக்கு எந்தப் பக்கம் என்று காட்ட மட்டும் அதைப் பயன்படுத்துங்கள்.

படி 8: 2026-க்குப் புதிய தாள்

2022-ல் தேர்தல் சட்டம் மாறியது. ஒரு வாக்கு இரண்டானது: முதல் வாக்கு தொகுதி வேட்பாளருக்கு, இரண்டாம் வாக்கு கட்சியின் மாநிலப் பட்டியலுக்கு. வாக்களிக்கும் வயது 16 ஆனது. 2026 மார்ச் தேர்தல் இந்த விதிப்படி.

பழைய அட்டவணையின் ஒரே விழுக்காட்டுக் கட்டத்தில் இதை எப்படி எழுதுவது? முதல் வாக்கை எழுதினால் ஆளைப் பார்த்துப் போட்டது, இரண்டாம் வாக்கை எழுதினால் கட்சிக்குப் போட்டது. 2021 வரையிலான எண்ணிலோ இரண்டும் பிரிக்க முடியாமல் கலந்திருக்கிறது. எனவே 2021-க்குக் கீழே இன்னொரு தடித்த கோடு இழுத்து, இரண்டு வாக்குகளுக்கும் தனித்தனிக் கட்டம் போடுங்கள். வரைபடம் வரைந்தால் கோட்டை 2021-ல் நிறுத்திவிட்டு, 2026-ன் இரண்டு எண்களையும் இரண்டு தனிப் புள்ளிகளாக வையுங்கள்.