உங்கள் கடல் படத்தை லினோவில் செதுக்குவது எப்படி

லினோ என்பது உளியால் செதுக்கி, மை உருட்டி, தாளில் அச்சு எடுக்கும் மென்மையான தகடு. கடல் படம் என்றதும் அலை, சூரியன், பாய்மரம் என்று கையில் வந்ததைச் செதுக்க ஆரம்பித்துவிடாதீர்கள். எந்தக் கரை, எந்த நேரம், அங்கே நின்றது யார் என்பதை முதலில் முடிவு செய்யுங்கள். என் தாத்தா நாகப்பட்டினத்தில் ரஜூலா கப்பல் ஏறி சிங்கப்பூர் வந்தவர். அவர் பார்த்த கத்தோங் கரை இப்போது இல்லை, 1966ல் தொடங்கிய நிலமீட்பில் கடல் தள்ளிப் போய்விட்டது, ஈஸ்ட் கோஸ்ட் பூங்காவில் நாம் நடக்கிற இடமே ஒரு காலத்தில் தண்ணீர்தான். அங்கே போய் உட்கார்ந்து, நங்கூரமிட்டு நிற்கும் கப்பல்களைப் பார்த்துத்தான் நான் வரைந்தேன்.

டிரேசிங் தாளில் பென்சிலால் வரைந்து, வரைந்த பக்கத்தை லினோ மேல் கவிழ்த்துத் தேயுங்கள். அச்சு இடம் வலம் மாறி விழும் என்பதால் இது கட்டாயம். முதல் முறை நான் நேராகவே வரைந்துவிட்டேன். அச்சில் கப்பல் இடப்பக்கம் திரும்பி நின்றது. அம்மா பார்த்துவிட்டு, "தாத்தா ஊருக்கே திரும்பிப் போறாரா?" என்று கேட்டார். அன்று இரவே புது லினோ எடுத்தேன்.

செதுக்கிய இடம் வெள்ளையாக வரும். அதனால் அலையைச் செதுக்க வேண்டாம், அலை மேல் விழும் வெளிச்சத்தைச் செதுக்குங்கள். தொடுவானத்துக்குப் பக்கத்தில் வி வடிவ உளியால் மெல்லிய, நெருக்கமான கீறல்கள். கரை நெருங்க நெருங்க யூ வடிவ உளி, அகலமான வெட்டு, நடுவில் நிறைய கறுப்பு விடுங்கள். ஏர்கானில் லினோ இறுகினால் கொஞ்ச நேரம் வெயிலில் வையுங்கள். உளிக்கு முன்னால் மற்ற கை வரவே கூடாது.

மையை மெல்லிசாக உருட்டுங்கள், ரோலரிலிருந்து சர்ரென்று சன்னமாகச் சத்தம் வரவேண்டும். சளசளத்தால் மை அதிகம், சின்னக் கீறல்கள் அடைத்துவிடும். அச்சு இயந்திரம் தேவையில்லை, ஜப்பானிய மெல்லிய தாளை வைத்து மரக்கரண்டியின் முதுகால் வட்டம் வட்டமாகத் தேய்த்தாலே போதும். நம் ஊர் ஈரக்காற்றில் எண்ணெய் மை காயப் பல நாள் ஆகும், அதுவரை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்காமல் துணிக் கிளிப்பில் தொங்கவிடுங்கள். அப்புறம் பென்சிலால் இடப்பக்கம் 3/15 (பதினைந்து அச்சில் மூன்றாவது) என்பதுபோல எண், வலப்பக்கம் கையெழுத்து. 15 என்று எழுதினால் பதினைந்தோடு நிறுத்திவிட வேண்டும்.

கண்காட்சிக்குச் சட்டம் போடும்போது தாள் கண்ணாடியைத் தொடக்கூடாது, தொட்டால் ஒட்டிக்கொள்ளும், பூஞ்சையும் பிடிக்கும். அமிலமில்லாத அட்டையை இடையில் கொடுக்கச் சொல்லுங்கள். விளக்கக் குறிப்பைத் தமிழிலும் எழுதி மாட்டுங்கள், மூன்று வரி போதும்: யார் வந்தார், எங்கிருந்து வந்தார், எந்தக் கரையில் இறங்கினார்.