பாசில் கல் வாங்கப் போகிறீர்களா?

பட்டும் பித்தளையும் வாங்கி முடித்த பிறகு, வெளிநாட்டுக்கு எடுத்துப்போக வித்தியாசமாக ஏதாவது பரிசு தேடுபவர்களின் கண்ணில் பாசில் கல் (பழங்கால உயிர்கள் கல்லாக மாறியது) படும். அறுத்து மெருகேற்றிய அம்மோனைட் என்ற பழங்காலக் கடல் உயிரியின் ஓட்டுச் சுருள், மரம் கல்லாக மாறிய கல்மரத் துண்டு, கறுப்புக் கல்லில் வெள்ளைக் கூம்புகளாகத் தெரியும் ஆர்த்தோசெரஸ் என்ற இன்னொரு கடல் உயிரியின் ஓடு. எல்லாமே அழகுதான்.

ஆனால் கடையில் இருப்பதில் பெரும்பகுதி நம் மண்ணில் கிடைத்ததல்ல. இரண்டாக அறுத்து ஜோடியாக விற்கும் அம்மோனைட் பெரும்பாலும் மடகாஸ்கர் சரக்கு. ஆர்த்தோசெரஸ் மொராக்கோவிலிருந்து வருகிறது. நம்மூரில் பாசிலுக்குப் பேர்போனது அரியலூர்; "இது அரியலூர் கல் சார்" என்று கடைக்காரர் சொன்னால் சட்டென்று நம்பாதீர்கள். உண்மையிலேயே அரியலூர்க் கல் என்றால் வாங்கவே வாங்காதீர்கள், எங்கிருந்து எப்படி எடுத்தார்கள் என்பது யாருக்கும் தெரியாது.

நம்மூர்ப் பாசிலைப் பார்க்க ஆசையா? புதுச்சேரியிலிருந்து திருவக்கரை பக்கம்தான். வக்கிரகாளியம்மனைக் கும்பிட்டுவிட்டு அப்படியே கல்மரப் பூங்காவுக்குப் போகலாம். அங்கே கிடக்கும் மரங்களுக்கு வயது சுமார் 2 கோடி ஆண்டுகள். பெரம்பலூர் மாவட்டம் சாத்தனூரில் 18 மீட்டர் நீளக் கல்மரம் இருக்கிறது. அது சுமார் 12 கோடி ஆண்டுகளுக்கு முந்தையது. இரண்டையும் இந்தியப் புவியியல் ஆய்வுத் துறை பாதுகாக்கிறது. தரையில் கிடக்கிறதே என்று சில்லைக்கூடப் பையில் போட வேண்டாம்.

சரி, கடைக்கு வருவோம். கல்லைக் கையில் எடுங்கள். ஜில்லென்று கனமாக இருக்க வேண்டும். லேசாக, வெதுவெதுப்பாக இருந்தால் பிசினில் வார்த்த போலி. ஒரே சுருள், ஒரே கீறலோடு நாலைந்து துண்டில் தெரிந்தால் அச்சில் வார்த்தவை. அம்மோனைட் ஜோடியின் இரு பாதிகளும் கண்ணாடியில் பார்த்ததுபோல் ஒத்துப்போக வேண்டும், ஓட்டின் அறைகளுக்குள் படிகம் மினுங்க வேண்டும். ஆர்த்தோசெரஸில்தான் ஒட்டுவேலை அதிகம்: கூம்பைச் சுற்றிக் கறுப்புச் சாயமோ பசைக் கோடோ தெரிகிறதா பாருங்கள். எந்த நாட்டுக் கல் என்று எழுதிய பில் கட்டாயம் வாங்குங்கள், விமான நிலையத்தில் கேட்டால் காட்ட அதுதான் இருக்கும்.

பெரியவர்களுக்கென்றால் பூசையில் வைக்கும் சாளக்கிராமம் நினைவுக்கு வரும். அதுவும் நேபாளத்துக் கண்டகி நதியில் கிடைக்கும் அம்மோனைட்தான். ஆனால் அதை விலை பேசி வாங்கக் கூடாது என்பது பல வீடுகளின் வழக்கம். பூசையும் நியமமும் உண்டு. கேட்காமல் கொடுத்துவிடாதீர்கள்.

கல்லைத் துணியில் சுற்றிப் பெரிய பெட்டியில் வையுங்கள், எடையையும் பார்த்துக்கொள்ளுங்கள். ஆஸ்திரேலியா, நியூசிலாந்து போகிறவர்கள் மண் ஒட்டாமல் கழுவி, இறங்கியதும் சுங்கத்தில் சொல்லிவிடுங்கள். அப்புறம், வாங்கிக்கொள்பவரிடம் ஒரு வார்த்தை: அம்மோனைட்டை விளக்கு தேய்ப்பதுபோல் புளி, எலுமிச்சை போட்டுத் தேய்த்தால் மெருகு போய்விடும். ஈரத் துணியால் துடைத்தாலே போதும்.