லென்ஸ் கார்பரேட்டர் அல்ல: பழைய காரைப் பழைய லென்ஸில் எடுப்பவர்கள் தவிர்க்க வேண்டியவை

திருநெல்வேலிப் பக்கம் இப்போது பழைய லென்ஸ் வாங்கும் பிள்ளைகள் கூடிவிட்டார்கள். தாத்தா ஓட்டிய அம்பாசடரையோ பெரியப்பா வைத்திருந்த பிரீமியர் பத்மினியையோ கழுவி நிறுத்தி, சோவியத் காலத்து ஹீலியோஸை மிரர்லெஸ் கேமராவில் மாட்டிக்கொண்டு கிளம்புகிறார்கள். நல்ல ஆசைதான். 2014இல் அம்பாசடர் உற்பத்தி நின்றுபோனது. மிச்சமிருக்கும் வண்டிகளும் ஒவ்வொன்றாகக் காயலான் கடைக்குப் போகின்றன. யாராவது ஒழுங்காகப் படம் எடுத்து வைத்தால் சரி. ஆனால் அவர்கள் கொண்டுவந்து காட்டும் படங்களில் நான் அந்தக் காலத்தில் பண்ணிய கோளாறுகள் வரிசைகூட மாறாமல் வருகின்றன.

லென்ஸ் மூடியைக் கழற்ற மறப்பது, கார் கூரையிலிருந்து மின்கம்பம் முளைத்து நிற்பது போன்றவற்றை நான் சொல்லப்போவதில்லை. ஒருமுறை பட்டால் அவை தானே திருந்திவிடும். பட்டும் திருந்தாதவை சில உண்டு.

எஃப் 2-ஐ விட்டு இறங்காமல் இருப்பது

ஹீலியோஸ் 44-2 என்பது 58 மி.மீ., எஃப் 2 லென்ஸ். ஜெர்மன் பயோடாரின் அமைப்பைப் பார்த்துச் செய்தது. பின்னணி சுழன்றாற்போல் தெரியும் என்பதற்காகவே முக்கால்வாசிப் பேர் இதை வாங்குகிறார்கள். வாங்கியாகிவிட்டது, சுழல் வேண்டும், அதனால் எந்தப் படமானாலும் எஃப் 2, அதாவது லென்ஸின் வாயை முழுக்கத் திறந்துவைத்தே எடுப்பது. எஃப் எண் கூடக் கூட வாய் சுருங்கும்.

கொஞ்சம் கணக்குப் போட்டுப் பாருங்கள். அம்பாசடரின் நீளம் ஏறத்தாழ நாலேகால் மீட்டர். முகமும் ஒரு பக்கமும் தெரியும்படி சாய்வாக நிறுத்தி, முழு வண்டியும் படச் சட்டத்துக்குள் வர வேண்டுமென்றால் 58 மி.மீ. லென்ஸுக்கு ஏழு மீட்டராவது தள்ளி நிற்க வேண்டும். முழு ஃப்ரேம் கேமராவில் அந்தத் தூரத்தில் எஃப் 2 தருகிற தெளிவின் ஆழம், அதாவது முன்னும் பின்னும் தெளிவாக விழுகிற தூரம், ஒன்றேமுக்கால் மீட்டர்தான். ஹெட்லைட்டில் ஃபோகஸ் வைத்தால் முன்கதவிலேயே மங்கல் தொடங்கிவிடும். டிக்கி யாருடையதோ. எஃப் 8க்கு வந்தால் ஆழம் ஒன்பது மீட்டரைத் தாண்டும். முழு வண்டியும் உள்ளே வந்துவிடும். எஃப் 5.6கூடப் போதும்.

இதில் வேடிக்கை என்னவென்றால், முழு வண்டியை எடுக்கும்போது அவர்கள் தேடுகிற சுழலும் கிடைப்பதில்லை. அந்தச் சுழல் சட்டத்தின் ஓரங்களில்தான் வரும். ஓரம் வரைக்கும் வண்டியே நிற்கும்போது சுழல எது இருக்கிறது? சுழல் வேண்டுமானால் கிட்டே போங்கள். பானெட் மேலுள்ள சின்னம், ஸ்டியரிங் நடுவிலிருக்கும் ஹாரன் பொத்தான், பக்கக் கண்ணாடி என்று ஒன்றை நடுவில் வையுங்கள். பின்னால் சற்றுத் தள்ளி ஒரு புளியமரம் நின்று, இலையிடுக்கில் வெளிச்சம் ஒழுகினால் எஃப் 2 தன் வேலையைக் காட்டும்.

கிட்டே போய் 28இல் எடுப்பது

கல்லிடைக்குறிச்சி மாதிரி ஊர்த் தெருக்களில் பின்னால் நகர இடமிருக்காது. உடனே அகலமாகக் காட்டும் 28 மி.மீ. லென்ஸை மாட்டி, ரெண்டு மீட்டரில் நின்று அடிக்கிறார்கள். அம்பாசடரின் உருண்ட முகம் பல்வலிக்காரன் கன்னமாக வீங்கும், பின்சக்கரம் சுண்டிப்போகும். வண்டியைத் தெருவின் நீளவாக்கில் விட்டு, பன்னிரண்டு மீட்டர் தள்ளிப் போய், ஹெட்லைட் உயரத்துக்குக் குனிந்து 105இல் எடுங்கள். பழைய நிக்கோர் 105 எஃப் 2.5 இந்த வேலைக்கென்றே பிறந்தது என்பது என் கட்சி.

லென்ஸைக் காருக்குள் பூட்டிவைப்பது, அப்புறம் கார்பரேட்டரைப் போலக் கழுவுவது

இதுதான் எனக்கு இன்றும் எரிச்சலூட்டுவது. காசும் போகும், லென்ஸும் போகும், அன்றைய படங்களும் போகும்.

சேரன்மகாதேவிப் பக்கத்துத் தம்பி ஒருவர். வீட்டில் தாத்தாவின் மார்க் 2 அம்பாசடர், கையில் கார்ல் ஸைஸ் யேனாவின் பான்கோலார் 50 எஃப் 1.8. மே மாதம். காலையில் கொஞ்சம் எடுத்துவிட்டு, சாயங்காலம் மீதியை எடுக்கலாமென்று லென்ஸ் பையைப் பின்சீட்டுக்கு மேலுள்ள பலகையில் வைத்து, கண்ணாடிகளை ஏற்றிப் பூட்டிவிட்டுச் சாப்பிடப் போனார். வண்டி நின்றது வெட்டவெளியில். பாளையங்கோட்டையில் 38 டிகிரி அடிக்கிற நாளில், மூடிய கார் ஒரு மணி நேரத்தில் 55ஐத் தாண்டும். கண்ணாடிக்கு நேரே கீழே, வெயில் படுகிற பலகை அதற்கும் மேலே கொதிக்கும்.

பழைய லென்ஸில் ஃபோகஸ் வளையம் திரும்புவது மரைக்குள்ளிருக்கும் கிரீஸால். அந்தக் கிரீஸ் பல பத்தாண்டு வயதானது. சூட்டில் அதிலிருக்கும் எண்ணெய் பிரிந்து, நகர்ந்து, அப்பெர்ச்சர் இதழ்களில், அதாவது லென்ஸின் வாயைச் சுருக்கித் திறக்கும் மெல்லிய தகடுகளில், படியும். பான்கோலார் போன்ற ஆட்டோ லென்ஸில் இதழ்களை அசைப்பது மெல்லிய ஸ்பிரிங். எண்ணெய் படிந்த இதழ் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டால் அந்த ஸ்பிரிங்குக்குத் தள்ள வலு இருக்காது. நீங்கள் வளையத்தை எஃப் 8இல் வைத்திருப்பீர்கள். உள்ளே இதழ் திறந்தே கிடக்கும்.

அந்தத் தம்பிக்கும் அதுவே நடந்தது. ஆனால் சாயங்காலம் அவருக்கு அது தெரியவே இல்லை. கேமரா உள்ளே வருகிற வெளிச்சத்தைப் பார்த்து ஷட்டர் வேகத்தைத் தானாகக் கூட்டிக்கொண்டது. திரையில் படம் வெளிச்சமாக, அழகாகத்தான் இருந்தது. வீட்டுக்குப் போய்ப் பெரிதாக்கிப் பார்த்தால் எஃப் 8 என்று நினைத்து எடுத்ததெல்லாம் எஃப் 1.8. கிரில் மட்டும் துல்லியம், மற்றதெல்லாம் பஞ்சு.

இதுவரை நடந்ததைச் சரிசெய்திருக்கலாம். அடுத்து நடந்ததுதான் கொடுமை. வண்டிக்கு டியூனிங் பார்க்கும் மெக்கானிக்கிடம் லென்ஸைக் காட்டியிருக்கிறார். அவர் கைதேர்ந்த ஆள், அதில் சந்தேகமில்லை. "இது என்ன பெரிய வேலையா தம்பி? கார்பரேட்டர் அடைச்சா என்ன செய்வோம்? பெட்ரோல் விட்டு அலசுனா சரியாப் போச்சு" என்று சொல்லி, முன்பக்கத்து வளையத்தைக் கழற்றி, இடுக்கில் பெட்ரோலை விட்டு, காற்றடித்துக் கொடுத்துவிட்டார். அன்றைக்கு இதழ் டக் டக்கென்று அடித்தது. அண்ணாச்சிக்கு ஒரு டீயும் வாங்கிக் கொடுத்தாயிற்று.

நான் லென்ஸைப் பார்க்கும்போது பத்து நாள் கழிந்திருக்கும். இதழ் பழையபடி ஒட்டிக்கொண்டிருந்தது. ஃபோகஸ் வளையம் மண்ணை அரைப்பது போல் கரகரத்தது. உள் கண்ணாடிகளில் எண்ணெய்ப் புகை படிந்து, ஹெட்லைட்டை நோக்கினாலே படம் முழுக்க வெள்ளை மூட்டம்.

ஏன் இப்படி? பெட்ரோல் இதழிலிருக்கும் எண்ணெயை மட்டும் கரைக்காது. மரைக்குள்ளிருக்கும் கிரீஸையும் கரைத்துக்கொண்டு வந்து இதழிலும் கண்ணாடியிலும் விடும். பெட்ரோல் ஆவியாகும், அது தூக்கிவந்த அழுக்கும் அதில் ஏற்கெனவே கலந்திருக்கும் சேர்மானங்களும் ஆவியாகாது. காற்றடித்தால் தூசி உள்ளே போய் உட்காரும். தின்னர் விட்டால் இன்னும் மோசம்: கண்ணாடி விளிம்பில் பூசியிருக்கும் கறுப்பு வண்ணம் கரையும், கண்ணாடிகளை ஒட்டியிருக்கும் பசை வரைக்கும் போய்விடும். கார்பரேட்டரில் பார்க்க வேண்டியது துளை அடைப்பில்லாமல் இருக்கிறதா என்பதுதான். லென்ஸில் ஒரு துளி படலம் மிஞ்சினாலும் அது படத்தில் தெரியும்.

சரியான வழி ஒன்றுதான். லென்ஸை முழுக்கப் பிரித்து, இதழ்களைத் தனித்தனியாக எடுத்துக் கழுவி, உலர்த்தி, எண்ணெய் போடாமல் கோக்க வேண்டும். மரையின் பழைய கிரீஸைத் துடைத்துப் புதிதாக வைக்க வேண்டும். இது தெரிந்த ஆளைத் தேடி, சென்னை வரை அனுப்ப வேண்டியிருக்கும். கூலி சில நேரம் லென்ஸ் வாங்கிய விலையைத் தொட்டுவிடும். அந்தப் பான்கோலாருக்குத் தொட்டது.

வருமுன் காப்பது எளிது. லென்ஸ் பையை மர நிழலில், கையெட்டும் தூரத்தில் வையுங்கள். நிழலே கிடைக்காத இடமென்றால் ஒரு தெர்மாகோல் பெட்டி போதும். ஐஸ் மட்டும் போடாதீர்கள். வெளியே எடுத்த கணத்தில் கண்ணாடி வேர்த்துவிடும். வீட்டிலிருந்து கிளம்பும் முன் லென்ஸை முகத்துக்கு நேரே பிடித்து, பின்னாலுள்ள ஊசியை அழுத்திப் பாருங்கள். இதழ் சட்டென்று மூடித் திறக்க வேண்டும். சோம்பலாக நகர்ந்தால் அந்த லென்ஸ் அன்றைக்கு வேண்டாம்.

ஹீலியோஸ் 44-2 வைத்திருப்பவர்கள் இந்த விஷயத்தில் கொஞ்சம் தப்பித்தார்கள். அதில் ஸ்பிரிங் கிடையாது; வளையத்தை நம் கையால் திருப்ப, இதழ் கூடவே நகரும். எண்ணெய் படிந்தாலும் ஓடும். அதற்காக வெயிலில் போடலாம் என்று அர்த்தமல்ல.

மஞ்சள் லென்ஸில் வெள்ளைக் கார்

சூப்பர் டாக்குமர் 50 எஃப் 1.4இன் ஏழு கண்ணாடி வகையில் தோரியம் கலந்த கண்ணாடி உண்டு. வயதாக ஆக அது தேநீர் நிறத்துக்கு மாறும். வெள்ளை அம்பாசடரை அதில் எடுத்துவிட்டு, "பழமை வாசம் வருது பாருங்க" என்று காட்டுகிறார்கள். வாசமெல்லாம் இல்லை, வண்ணச் சமநிலை பார்க்கவில்லை, அவ்வளவுதான். ஒரு சாம்பல் அட்டையைக் கதவில் சாய்த்துக் கேமராவில் வெள்ளையை அளந்துகொள்ளுங்கள்.

மஞ்சளைப் போக்க மொட்டை மாடி வெயிலில் வைப்பவர்களும் உண்டு. புற ஊதா ஒளி மஞ்சளைக் குறைக்கும் என்பது உண்மை. ஆனால் நம்மூர் வெயிலில் மஞ்சளோடு கிரீஸும் கிளம்பிவிடும். மேலே எழுதியதை இன்னொருமுறை படியுங்கள். சூடாகாத புற ஊதா எல்.இ.டி. விளக்கின் கீழ், வீட்டுக்குள், சில நாள் வைத்தால் போதும்.

உலர்ந்த துணியால் தூசி தட்டுவது

கூடாது. பணகுடி, வள்ளியூர்க் காற்றில் வந்து படிவது மணல். தேய்த்தால் பெயின்ட்டில் வட்ட வட்டமாகக் கீறும், சாய்வு வெயிலில் ஒவ்வொரு கீறலும் தெரியும்.

நிக்கான் டி.எஸ்.எல்.ஆரில் எம்42 லென்ஸ்

எம்42 என்பது திருகி மாட்டும் பழைய மரை வகை. சாதாரண அடாப்டரில் சில மீட்டருக்கு அப்பால் எதுவும் தெளியாது. லென்ஸ் சென்சாரிலிருந்து தள்ளிப்போய்விடுகிறது. கார் எடுக்க உதவாது. மிரர்லெஸ் வாங்குங்கள், அல்லது நிக்கோரே வாங்குங்கள்.

கதவில் தெரியும் உங்கள் வெள்ளைச் சட்டை

பாலிஷ் போட்ட காரை எடுக்கும்போது பாதிக்குமேல் நீங்கள் எடுப்பது அது காட்டும் பிம்பத்தைத்தான். எதிரே டீக்கடை இருந்தால் டீக்கடை, கேபிள் ஒயர் இருந்தால் ஒயர். எடுக்கும் முன் வண்டியை ஒரு சுற்றுச் சுற்றி, வண்டியைப் பார்க்காமல் அதற்குள் தெரிவதை மட்டும் பாருங்கள். கறுப்புச் சட்டை போடுங்கள். வேடிக்கை பார்க்க வந்தவர்களை உங்களுக்குப் பின்னால் நிற்கவிடாமல் ஒரு பக்கமாக ஒதுக்குங்கள்.

போலரைசர் வாங்கிவிட்டால் எல்லாம் தீர்ந்தது என்று நினைக்கிறார்கள். அது கண்ணாடியிலும் பெயின்ட்டிலும் மினுக்கத்தை வெட்டும்; குரோம் பம்பரில் அதன் பாச்சா பலிக்காது, ஏனென்றால் அது உலோகம். பெயின்ட்டிலும் முழுக்க வெட்டிவிட்டால் வண்டி செத்துப்போன மாதிரி இருக்கும். பாதி திருப்பி நிறுத்துங்கள்.

வண்டிக்காரரிடம் எந்தப் பக்கம் டிங்கரிங் பார்த்து பட்டி வைத்தது என்று முதலிலேயே கேட்டுவிடுங்கள். பட்டி வைத்த கதவில் அடிவானக் கோடு நெளிந்து தெரியும். அந்தப் பக்கத்தைத் தூரத்தில் வையுங்கள். கேட்டதற்காக யாரும் கோபித்துக்கொண்டதில்லை. அரை மணி நேரம் கதை சொல்வார்கள், அது வேறு.

ஸ்டெபிலைசருக்கு எண் சொல்லாமல் விடுவது

ஸ்டெபிலைசர் என்பது கை நடுக்கத்தைச் சரிக்கட்டக் கேமராவுக்குள் இருக்கும் ஏற்பாடு. அதற்கு லென்ஸின் மி.மீ. தெரிய வேண்டும்; பழைய லென்ஸ் அதைக் கேமராவிடம் சொல்லாது. மெனுவில் 58 என்றோ 105 என்றோ நீங்கள்தான் போட வேண்டும்.

வெயில் போனதும் மூட்டை கட்டுவது

அம்பாசமுத்திரம், பாபநாசம் பக்கம் படம் எடுக்கப் போகிறவர்கள் போனில் அஸ்தமன நேரத்தைப் பார்த்துவிட்டுப் போகிறார்கள். அது கடல்மட்ட அடிவானத்துக்கான நேரம். மேற்கே மலை நிற்கிறது. சூரியன் அதற்கு அரை மணி நேரம் முன்பே மலைக்குப் பின்னால் போய்விடும். பொன் வெயிலை நம்பிப் போனவர்கள் ஏமாந்து, வண்டியைக் கிளப்பிக்கொண்டு வந்துவிடுகிறார்கள். பொன் வெயிலே வேண்டுமென்றால் கிழக்கே, சீவலப்பேரிப் பக்கம் போங்கள்.

ஆனால் பழைய லென்ஸுக்கு அந்த அரை மணி நேரம்தான் நல்ல நேரம். கண்ணாடியில் ஒரே அடுக்குப் பூச்சுள்ள பழைய லென்ஸ்கள் நேர் வெயிலில் மூட்டம் போடும்; வெயில் மறைந்ததும் அந்தத் தொல்லை இல்லை. வானம் முழுக்க ஒரே பரப்பாக ஒளி தரும். பானெட்டின் வளைவும் மட்கார்டின் புடைப்பும் வெட்டு நிழல் இல்லாமல் வழுவழுவென்று வரும். குரோமில் வெள்ளைப் பொட்டு இருக்காது. முக்காலியில் வைத்து, எஃப் 8, ஐ.எஸ்.ஓ. 100, ஸ்டெபிலைசரை அணைத்துவிட்டு, இரண்டு விநாடி டைமரில் எடுங்கள். இருட்ட இருட்ட ஷட்டர் மெதுவாகிக்கொண்டே சில விநாடி வரை போகும். ஆடி மாதக் காற்றென்றால் முக்காலியின் நடுத்தண்டை உயர்த்தாதீர்கள்.

பார்க் லைட்டைப் போட்டால் முகத்துக்குக் களை வரும். ஹெட்லைட் வேண்டாம், மற்றதையெல்லாம் அது தின்றுவிடும். பார்க் லைட்டையும் ஷட்டர் திறந்திருக்கும் நேரத்துக்கு மட்டும் போட்டு அணையுங்கள். பழைய வண்டியின் பேட்டரியை நம்ப முடியாது. அந்த நேரத்தில் பாபநாசம் சாலையில் தள்ளிவிட ஆள் கிடைப்பது கஷ்டம்.