நாலு கிரெடிட்டுக்கு ஒரு பூஜ்யம்

எம்.எஸ்சி. முதல் செமஸ்டர் ரிசல்ட்டை வேலூர் பழைய பஸ் ஸ்டாண்டில் நின்றபடியே பார்த்தேன். ஒரு பேப்பரில் அரியர். எழுத்துத் தேர்வில் 75-க்கு 36. இன்டர்னல், அதாவது துறையிலேயே போடும் மார்க், 25-க்கு 'வரவில்லை'. எங்கள் பல்கலைக்கழகத்தில் முதுநிலையில் பாஸாக மொத்தம் 50 வேண்டுமே! யுஜிசியின் (பல்கலைக்கழக மானியக் குழு) பத்துப் புள்ளி முறையில் ஃபெயிலுக்குப் பூஜ்யம். ஆனால் அந்தப் பேப்பரின் எடையான 4 கிரெடிட் மட்டும் சராசரிக்கு வகுக்கும்போது கூடவே வந்து உட்கார்ந்துகொள்ளும். மீதி 16 கிரெடிட்டிலும் 7 புள்ளி வாங்கியும் சராசரி 5.6.

மறுமதிப்பீட்டுக்குப் பணம் கட்டப் போனேன். "அது எழுத்துத் தேர்வுக்குத்தான் தம்பி. இன்டர்னலுக்குத் துறைத் தலைவர் ஹெச்.ஓ.டி.யைப் பாரு" என்றார் கிளார்க். நல்ல மனுஷன், காசு மிச்சம். துறையில் இன்டர்னல் மார்க் பட்டியலைப் புரட்டினால், என் பதிவு எண்ணில் கடைசி இரண்டு இலக்கம் இடம் மாறிக் கிடந்தது. தூக்கிப் போடாமல் வைத்திருந்த டெஸ்ட் பேப்பரில் சிவப்பு மையில் 19. அதன் நகல், ஹெச்.ஓ.டி. கடிதம், மூன்று வார அலைச்சல். 55 மார்க், 6 புள்ளி. இப்போது சராசரி 6.8.